சம்பளம் இல்லாத பதவி, சட்டம் விடாத பொறுப்பு

அமெரிக்காவில் அடுக்குமாடி வீடு வாங்குபவர், வீடு கைமாறும்போதே அங்குள்ள குடியிருப்புச் சங்கத்தின் உறுப்பினராகிவிடுகிறார். வீடு அவர் பெயரில் இருக்கும்வரை விலக வழியில்லை. சந்தா, பழுதுபார்ப்பு, காப்பீடு, வழக்கு என எல்லாவற்றையும் முடிவு செய்வது உரிமையாளர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு. பெரும்பாலும் அது சம்பளமில்லாத வேலை. குழு தவறினால் உறுப்பினரின் சொந்தச் சொத்துக்கு ஆபத்து உண்டா? இக்கேள்விக்குச் சட்டம் காலத்துக்கொரு பதில் சொல்லி வந்திருக்கிறது.

தொடக்கப் பதில்களில் ஒன்று 1742இல் இங்கிலாந்தில் கிடைத்தது. ஏழைகளுக்கு அடகின் பேரில் சிறுகடன் கொடுக்க ஏற்பட்ட 'சாரிட்டபிள் கார்ப்பரேஷன்' மோசடியில் நொடித்துப்போனது. மேற்பார்வையில் கோட்டைவிட்ட குழுவினரை, வழக்கை விசாரித்த ஹார்ட்விக் பிரபு பொறுப்பாளிகளாக்கினார். கௌரவப் பதவிதான், ஆதாயம் ஏதும் இல்லை என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை.

அமெரிக்காவில் 1974இல் இன்னொரு திருப்பம். வாஷிங்டனின் சிப்லி மருத்துவமனை அறங்காவலர்கள், நிறுவனப் பணத்தைத் தங்களுக்குத் தொடர்புள்ள வங்கிகளில் போட்டு வைத்திருந்தார்கள். கணக்கைச் சிலரிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் கவனிக்கவே இல்லை. லாபநோக்கற்ற அமைப்பின் இயக்குநர்களை அறக்கட்டளைச் சட்டத்தின் கடுமையான அளவுகோலால் அல்ல, கம்பெனி இயக்குநர்களின் அளவுகோலாலேயே அளக்க வேண்டும் என்றார் நீதிபதி கெசெல். அந்தத் தளர்ந்த அளவுகோலின்படியும் அவர்கள் கடமை தவறியவர்களே. ஆனாலும் அவர் இழப்பீடு விதிக்கவில்லை; பிற கட்டளைகளோடு, புதிதாக வரும் அறங்காவலர்கள் தீர்ப்பைப் படிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

1961ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அடுக்குமாடி வீட்டுக் கடன்களுக்குக் கூட்டரசின் காப்புறுதியைக் கொடுத்தபின், குடியிருப்புச் சங்கங்கள் பெருகின. வழக்குகளும் கூடவே வந்தன. லாஸ் ஏஞ்சலிஸின் வில்லேஜ் கிரீன் குடியிருப்பில், குற்றங்களுக்கு அஞ்சிய ஒரு பெண் வீட்டுக்கு வெளியே தானே விளக்கு பொருத்தினார். விதிமீறல் என்று கூறி அதை அகற்றச் சொன்னது குழு. விளக்கு அணைந்த இரவிலேயே அவர் கொடூரமாகத் தாக்கப்பட்டார். அபாயம் தெரிந்தும் சும்மா இருந்த இயக்குநர்கள்மீது தனிப்பட்ட முறையிலும் வழக்குத் தொடரலாம் என்று 1986இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்படியே போனால் குழுவில் உட்கார யார் முன்வருவார்கள் என்ற அச்சமும் நாட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. 1990இல் நியூயார்க்கும், 1999இல் கறையான் அரித்த ஒரு குடியிருப்பின் வழக்கில் கலிபோர்னியாவும் ஒரே திசையில் சென்றன: குழு நல்லெண்ணத்தோடு செயல்பட்டு, அதிகார எல்லைக்குள் எடுத்த பராமரிப்பு முடிவில் நீதிமன்றம் மூக்கை நுழைக்காது. இடையில், 1997இல் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 500 டாலருக்குமேல் ஊதியம் பெறாத தன்னார்வலரின் சாதாரணக் கவனக்குறைவுக்கு அது பாதுகாப்புத் தருகிறது. வேண்டுமென்றே இழைக்கும் தீங்கு, கடும் கவனக்குறைவு, வாகன விபத்து ஆகியவற்றுக்குத் தராது. அமைப்பே தன் தன்னார்வலர்மீது தொடரும் வழக்கையும் தடுக்காது. கலிபோர்னியா தன் சட்டத்தில் பாதுகாப்போடு நிபந்தனையும் விதித்தது: 100 வீடுகள் வரை உள்ள சங்கம் குறைந்தது 5 லட்சம் டாலருக்கும், அதற்கு மேற்பட்டது 10 லட்சம் டாலருக்கும் காப்பீடு வைத்திருக்க வேண்டும்.

2021 ஜூன் 24 அதிகாலை, புளோரிடாவின் சர்ஃப்சைடில் 12 மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து 98 பேர் இறந்தார்கள். கான்கிரீட்டில் பெரும் சேதம் இருப்பதை 2018இலேயே பொறியாளர் அறிக்கை சொல்லியிருந்தது; செலவு பற்றிய பூசலில் வேலை தள்ளிப்போனது. மறு ஆண்டே புளோரிடா சட்டத்தை இறுக்கியது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடிகளுக்கு, குறிப்பிட்ட வயதை எட்டியதும் கட்டமைப்புச் சோதனை கட்டாயம். அதைத் தெரிந்தே, வேண்டுமென்றே செய்யாத இயக்குநர் உரிமையாளர்களுக்குரிய நம்பிக்கைக் கடமையை மீறியவர் ஆவார். 2024இல் இயக்குநர்களுக்கு நான்கு மணி நேரப் பயிற்சியும் கட்டாயமானது.

யோசித்து எடுத்த முடிவு தவறிப்போனால் சட்டம் இன்று பெரும்பாலும் மன்னிக்கிறது; அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தவரை மன்னிப்பதில்லை.