கறம்பக்குடியில் கண்ட சமத்துவம்

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று வகுப்பில் ஒப்பித்தோம். அந்த முழக்கம் பிறந்த பிரான்சிலேயே பெண்களுக்கு ஓட்டுரிமை 1944இல்தான் வந்தது என்பதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

சமத்துவத்தை நான் கண்ணால் பார்த்தது 1991-92இல், கறம்பக்குடிப் பக்கம் குமாஸ்தாவாக இருந்தபோது. புதுக்கோட்டை மாவட்டமெங்கும் அறிவொளி இயக்கம் நடந்த காலம். பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்க முனைந்தார் கலெக்டர் ஷீலாராணி சுங்கத். "அ, ஆ படிக்கச் சைக்கிள் எதற்கு?" என்று ஆபீஸில் சிரித்தோம். நானும்தான்.

ஆயிரக்கணக்கில் பெண்கள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! தண்ணீர்க் குடமும் விளைபொருளும் சைக்கிளிலேயே போயின. பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருந்த நேரம் மிச்சம். கூலிக்காரிக்கு நேரம்தானே காசு? கல் குவாரிக் குத்தகையும் அங்கே கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே கிடைத்தது.

உதவித்தொகை மனுக்கள் எத்தனையோ பதிந்திருக்கிறேன். ஏழையை எங்கள் மேசை முன்னால் காக்க வைக்காத திட்டம், நான் பார்த்தவரை, அந்தச் சைக்கிள் ஒன்றுதான்.

என் மனைவியும் கற்க ஆசைப்பட்டாள். "ஊர் என்ன சொல்லும்?" என்று தடுத்துவிட்டேன். இன்று பேத்தி எங்களை ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொருவராக அழைத்துப் போகும்போதெல்லாம் அது உறுத்துகிறது.