முடி உதிர்வுக்கான மருந்துகள்: பலன் எவ்வளவு? பாதுகாப்பானவையா?

முடி உதிர்வுக்குத் தீர்வு எனக் கூறும் எண்ணெய்களும் மாத்திரைகளும் சந்தையில் குவிந்துள்ளன. ஆயினும், ஆண்களின் பரம்பரை வழுக்கைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்துள்ள மருந்துகள் இரண்டு மட்டுமே. ஒன்று, தலையில் தடவும் மினாக்ஸிடில். மற்றொன்று, ஃபினாஸ்டரைடு மாத்திரை. இந்தியாவிலும் தோல் நோய் மருத்துவர்கள் இவற்றையே பெரிதும் பரிந்துரைக்கின்றனர்.

இவை இழந்த முடியை முழுமையாக மீட்டுத் தருவதைவிட, எஞ்சியிருக்கும் முடியைக் காப்பதிலேயே அதிகம் உதவுகின்றன. பயன்படுத்தும் வரைதான் பலன் நீடிக்கும் என்பதால், பல ஆண்டுகள் உட்கொள்ள நேரிடும் மருந்தின் பக்கவிளைவுகளைத் தொடங்கும் முன்பே அறிந்துகொள்வது அவசியம்.

காரணத்தை அறிவதே முதற்படி

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, திடீர் எடைக் குறைப்பு ஆகியவற்றுக்குப் பின் 2 அல்லது 3 மாதங்களில் முடி கொத்துக் கொத்தாக உதிரக்கூடும். இது பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சீராகிவிடும்; வழுக்கைக்கான மாத்திரை தேவைப்படாது. இரும்புச்சத்துக் குறைபாடு, தைராய்டு கோளாறு ஆகியவை காரணமாக இருந்தால், அவற்றுக்கே சிகிச்சை பெற வேண்டும்.

பரம்பரை வழுக்கையில் டிஎச்டி என்னும் ஹார்மோன் மயிர்க்கால்களைப் படிப்படியாகச் சுருங்கச் செய்கிறது. நீண்ட காலமாக வழுக்கையாகிவிட்ட இடத்தில் மருந்துகளால் பெரிய பலன் கிடைப்பதில்லை. உதிர்வின் தொடக்க நிலையில் சிகிச்சை பெறுவோருக்கே நல்ல பலன் கிடைக்கிறது.

மினாக்ஸிடில்

உயர் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாகவே இம்மருந்து முதலில் பயன்பாட்டுக்கு வந்தது. அதனை உட்கொண்டோரின் உடலில் முடி கூடுதலாக வளர்ந்ததைத் தொடர்ந்து, தலையில் தடவும் திரவமாக உருவாக்கப்பட்டது. அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற இம்மருந்து, 2 சதவீதம், 5 சதவீதம் ஆகிய அளவுகளில் கிடைக்கிறது. பெண்களும் இதனைப் பயன்படுத்தலாம்.

முதல் சில வாரங்களில் உதிர்வு சற்று அதிகரிக்கலாம். இதனால் அஞ்சிப் பலர் மருந்தைப் பாதியிலேயே கைவிடுகின்றனர். பலன் தெரிய குறைந்தது 3 அல்லது 4 மாதங்கள் ஆகும். நிறுத்தினால், மருந்தால் வளர்ந்த முடி சில மாதங்களில் மீண்டும் உதிர்ந்துவிடும்.

தலையில் அரிப்பு, தோல் உரிதல், பெண்களுக்கு முகத்தில் முடி வளர்தல் ஆகியவை ஏற்படலாம். படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் இருந்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுக வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதனைத் தவிர்க்க வேண்டும். தந்தையர் மருந்து தடவிய இடத்துடன் தொடர்பு ஏற்பட்டதால் கைக்குழந்தைகளின் உடலில் முடி அடர்ந்து வளர்ந்த நிகழ்வுகள் ஐரோப்பாவில் பதிவாகியுள்ளன.

ஃபினாஸ்டரைடு

புரோஸ்டேட் வீக்கத்துக்கு 1992-இல் 5 மில்லிகிராம் அளவிலும், ஆண் வழுக்கைக்கு 1997-இல் 1 மில்லிகிராம் அளவிலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து இது. டிஎச்டி உற்பத்தியை இது குறைக்கிறது. இரண்டு ஆண்டுகள் நடைபெற்ற சோதனைகளில், இம்மருந்தை உட்கொண்ட ஆண்களில் 83 சதவீதத்தினருக்கு முடி எண்ணிக்கை குறையவில்லை. மருந்தற்ற போலி மாத்திரை உட்கொண்டோரில் இது 28 சதவீதமாக இருந்தது.

அதேநேரம், பாலுணர்வுக் குறைவு, விறைப்புக் குறைபாடு போன்றவை 3.8 சதவீதத்தினருக்கு ஏற்பட்டன. போலி மாத்திரை உட்கொண்டோரில் இது 2.1 சதவீதம். மருந்தை நிறுத்திய பின்னும் சிலருக்கு இப்பாதிப்புகள் தொடர்ந்ததாகப் புகார்கள் உள்ளன. தற்கொலை எண்ணம் தோன்றுவது ஃபினாஸ்டரைடு மாத்திரைகளின் பக்கவிளைவுகளில் ஒன்று என ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025 மே மாதம் உறுதிப்படுத்தியது. எனவே, மனச்சோர்வு தோன்றினால் உடனடியாக மாத்திரையை நிறுத்தி மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. புரோஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பிஎஸ்ஏ பரிசோதனையின் அளவை இம்மருந்து குறைத்துக் காட்டும் என்பதையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

தலையில் தடவும் ஃபினாஸ்டரைடு கலவைகளும் விற்கப்படுகின்றன. இவை தோல் வழியே ரத்தத்தில் கலக்கக்கூடியவை. இவ்வகைத் தயாரிப்பு எதற்கும் தாங்கள் ஒப்புதல் அளிக்கவில்லை என அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025-இல் எச்சரித்தது.

புழுவெட்டுக்குத் தனிச் சிகிச்சை

வட்ட வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டு, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மயிர்க்கால்களைத் தாக்குவதால் ஏற்படுகிறது. சிறிய திட்டுகளுக்கு ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. தீவிர பாதிப்புக்கு பாரிசிட்டினிப் 2022-இலும், 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு ரிட்லெசிட்டினிப் 2023-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. தொற்று, ரத்தக் கட்டு, புற்றுநோய் அபாயம் குறித்த எச்சரிக்கைகள் இவற்றுக்கு உண்டு. காசநோய் உள்ளதா எனப் பரிசோதித்த பின்னரே இவற்றைத் தொடங்க வேண்டும்.

சட்டம் கூறுவது என்ன?

இந்தியாவின் 1945-ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளின் 'ஜே' அட்டவணையில் வழுக்கையும், புதிய முடி வளர்தலும் இடம்பெற்றுள்ளன. இவற்றைக் குணப்படுத்தும் என எந்த மருந்தும் உரிமை கோர முடியாது. ஃபினாஸ்டரைடு மாத்திரையை மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது.

சிகிச்சை தொடங்கும் முன், இதய நோய், மனச்சோர்வு, குழந்தைப்பேறு திட்டம், உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் மாதந்தோறும் எடுக்கும் புகைப்படங்கள், மருந்து பலன் தருகிறதா என்பதை மதிப்பிட உதவும்.