நுரையீரல் சில்லு

நுரையீரல் சில்லு என்பது மனித நுரையீரலின் மிகச் சிறிய ஒரு பகுதியின் அமைப்பையும் இயக்கத்தையும் உடலுக்கு வெளியே செயற்கையாக உருவாக்கிக் காட்டும் நுண்கருவி ஆகும். இது உறுப்புச் சில்லு எனப்படும் கருவி வகையைச் சேர்ந்தது. ஏறக்குறைய ஒரு யூ.எஸ்.பி நினைவகக் குச்சியின் அளவுடைய இக்கருவியினுள் உயிருள்ள மனித உயிரணுக்கள் (செல்கள்) வளர்க்கப்படுகின்றன. நுரையீரல் நோய்கள் தோன்றும் முறையை ஆராயவும், மருந்துகளின் பயனையும் நச்சுத்தன்மையையும் சோதிக்கவும் இது பயன்படுகின்றது.

பெயரில் "சில்லு" என்ற சொல் இருப்பினும் இதனுள் மின்சுற்று எதுவும் இல்லை. கணினிச் சில்லுகளைத் தயாரிக்கும் நுண்வார்ப்பு நுட்பங்களை ஒட்டியே இதன் நுண்கால்வாய்கள் உருவாக்கப்படுவதால் இப்பெயர் ஏற்பட்டது.

தேவை

நுரையீரலில் வளிமப் பரிமாற்றம் நடைபெறும் இடம் காற்று நுண்ணறை ஆகும். இதன் சுவரில் ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் இரத்தமும் உள்ளன. இரண்டிற்கும் இடைப்பட்ட தடுப்பு ஒரு மைக்ரோமீட்டரை விடவும் மெல்லியது. ஒவ்வொரு மூச்சின்போதும் இச்சுவர் விரிந்து சுருங்குகின்றது.

ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் வளர்க்கப்படும் உயிரணுக்களுக்கு இவ்வசைவோ, இரத்த ஓட்டமோ, காற்றுத் தொடர்போ கிடைப்பதில்லை. ஆய்வு விலங்குகளிடம் இவை அனைத்தும் உண்டு. ஆனால் எலியின் நுரையீரலும் நோயெதிர்ப்பு முறைமையும் மனிதருடையவற்றிலிருந்து வேறுபட்டவை. விலங்குகளில் பாதுகாப்பானதாகவும் பயனுள்ளதாகவும் தோன்றிய மருந்துகள் பல மனிதரிடம் தோல்வியடைவதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமாகும். இவ்விரு முறைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் முயற்சியே நுரையீரல் சில்லு.

அமைப்பும் செயற்பாடும்

சில்லு பொதுவாகப் பாலிடைமெத்தில்சிலாக்சேன் என்னும் ஒளி ஊடுருவக்கூடிய, நெகிழும் சிலிக்கோன் பலபடியால் ஆனது. இதன் முக்கிய பகுதிகள்:

* மேற்கால்வாய்: இதில் காற்று இருக்கும். இதன் அடித்தளத்தில் நுண்ணறைப் புறப்படல உயிரணுக்கள் வளர்க்கப்படுகின்றன.
* கீழ்க்கால்வாய்: இதில் இரத்தத்திற்கு ஈடான ஊட்டநீர்மம் ஓடும். நுரையீரல் இரத்த நுண்குழாய்களின் (தந்துகிகளின்) அகப்படல உயிரணுக்கள் இங்கு வளர்க்கப்படுகின்றன.
* துளைச் சவ்வு: இரு கால்வாய்களையும் பிரிக்கும் இச்சவ்வு ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் தடிப்புடையது.
* பக்க அறைகள்: இவற்றிலிருந்து காற்று விட்டுவிட்டு உறிஞ்சப்படும். உறிஞ்சும்போது சவ்வு இழுபட்டு விரியும். விடும்போது பழைய நிலைக்குத் திரும்பும். இவ்வாறு மூச்சு விடும் அசைவு பெறப்படுகின்றது.

கருவி ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் உயிரணுக்களில் நிகழும் மாற்றங்களை நுண்ணோக்கி மூலம் அவை நிகழும்போதே காண இயலும். உயிருள்ள விலங்கின் நுரையீரலினுள் இவ்வாறு காண்பது மிகக் கடினம்.

வரலாறு

அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் வீசு நிறுவனத்தில் டோங்கன் ஹு, டொனால்ட் இங்பர் ஆகியோர் அடங்கிய குழு, மூச்சு விடும் நுரையீரல் சில்லை 2010ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் அறிவித்தது. காற்றுப் பக்கத்தில் பாக்டீரியாக்கள் இடப்பட்டபோது, கீழே ஓடிய நீர்மத்திலிருந்த வெள்ளையணுக்கள் சவ்வைக் கடந்து மேலேறி அவற்றை விழுங்கியது பதிவு செய்யப்பட்டது. சிலிக்கா நுண்துகள்கள் இடப்பட்டபோது, சவ்வு அசையாதிருந்த நிலையை விட மூச்சசைவு இருந்த நிலையில் அழற்சி மிகுதியாக ஏற்பட்டது.

நோய் ஆய்வுகள்

நுரையீரல் நீர்க்கோவை: இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் காற்று நுண்ணறைகளுக்குள் கசிந்து தேங்கும் நிலை இது. புற்றுநோய்க்குத் தரப்படும் இன்டர்லூக்கின்-2 என்னும் மருந்தின் கடுமையான பக்கவிளைவாகவும் இது ஏற்படுகின்றது. 2012இல் அதே குழு இம்மருந்தைச் சில்லின் கீழ்க்கால்வாயில் செலுத்தியது. சில நாட்களில் காற்றுக் கால்வாயில் நீர்மம் நிறைந்ததுடன் உறைகட்டிகளும் தோன்றின. மூச்சசைவு இக்கசிவைப் பெரிதும் அதிகரித்தது. சில்லில் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் சேர்க்கப்படாதபோதும் கசிவு ஏற்பட்டதால், இவை இல்லாமலேயே இப்பக்கவிளைவு தோன்றலாம் என்பது தெரியவந்தது. டி.ஆர்.பி.வி-4 என்னும் அயனித் தடத்தை அடைக்கும் சோதனை மருந்து ஒன்று கசிவைத் தடுத்தது.

ஈளை நோயும் அடைப்பு நோயும்: 2016இல் சிறு மூச்சுக்குழாய்ச் சில்லு அறிவிக்கப்பட்டது. இதில் சளி சுரக்கும் உயிரணுக்களும், சளியைத் தள்ளும் குறு இழைகளைக் கொண்ட உயிரணுக்களும் வளர்ந்தன. இன்டர்லூக்கின்-13 செலுத்தப்பட்டபோது சளி சுரக்கும் உயிரணுக்கள் பெருகிக் குறு இழைகளின் இயக்கம் குறைந்தது. இவை ஈளை நோயின் (ஆஸ்துமா) இயல்புகளாகும். அதே ஆண்டு, சிகரெட்டைப் புகைத்து அப்புகையைச் சில்லுக்குள் செலுத்தும் பொறியும் இணைக்கப்பட்டது. இதனால் ஒரே மனிதரின் உயிரணுக்களைப் புகை பட்ட நிலையிலும் படாத நிலையிலும் ஒப்பிட முடிந்தது.

காச நோய்: 2020இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், எலி உயிரணுக்களைக் கொண்ட சில்லில் காச நோய்க் கிருமியின் தொடக்கநிலைத் தொற்று ஆராயப்பட்டது. நுண்ணறைகளின் பரப்பிழுவிசையைக் குறைக்கும் இயற்கைச் சுரப்பு குறைந்த இடத்தில் கிருமிகள் கட்டுப்பாடின்றிப் பெருகுவது கண்டறியப்பட்டது.

கோவிட்-19: மூச்சுக்குழாய்ச் சில்லைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. கொரோனா வைரசின் கூர்முனைப் புரதத்தைத் தாங்கிய போலி வைரசு இதில் பயன்படுத்தப்பட்டது. எளிய உயிரணு வளர்ப்பில் பயன் காட்டிய ஐதராக்சிகுளோரோகுயின் சில்லில் பயன் தரவில்லை. நோயாளிகளிடம் நடத்தப்பட்ட பெரிய சோதனைகளிலும் அம்மருந்து பயன் தரவில்லை என்பதால் இம்முடிவு குறிப்பிடத்தக்கது. மலேரியா மருந்தான அமோடியாகுயின் சில்லில் தொற்றைக் குறைத்தது. எனினும் இது மட்டுமே அம்மருந்து நோயாளிகளுக்குப் பயன்படும் என்பதற்குச் சான்றாகாது.

குறைபாடுகள்

* சில்லின் சவ்வு, உண்மையான நுண்ணறைத் தடுப்பைக் காட்டிலும் பல மடங்கு தடித்தது.
* பாலிடைமெத்தில்சிலாக்சேன், நீரை விலக்கும் தன்மையுடைய சிறு மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும். எனவே உயிரணுக்களை உண்மையில் அடைந்த மருந்தின் அளவைக் கணிப்பது கடினமாகின்றது.
* கல்லீரல், சிறுநீரகம் முதலிய பிற உறுப்புகளின் பங்கும் முழுமையான நோயெதிர்ப்பு முறைமையும் தனியொரு சில்லில் இல்லை.
* உயிரணுக்களைத் தந்தவரைப் பொறுத்து முடிவுகள் வேறுபடலாம்.

சட்டநிலை

புதிய மருந்துகளை மனிதரிடம் சோதிக்கும் முன் விலங்குகளிடம் சோதித்தாக வேண்டும் என ஐக்கிய அமெரிக்காவின் சட்டத்தில் இருந்த கட்டாயம் 2022 டிசம்பரில் நீக்கப்பட்டது. உறுப்புச் சில்லுகள், கணினி மாதிரிகள் முதலியவற்றிலிருந்து பெறப்படும் தரவுகளையும் முன்வைக்க இத்திருத்தம் வழிசெய்தது. இது விலங்குச் சோதனையைத் தடை செய்யவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* நுரையீரல்
* நுண்பாய்மவியல்
* உயிரணு வளர்ப்பு
* நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்