தீராத நோயும் தீர்க்கக்கூடிய துன்பமும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் பயணம் செய்வோர், குரோம்பேட்டையைக் கடந்ததும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையத்தைக் காண்பர். நாள்தோறும் பல்லாயிரவர் ஏறி இறங்கும் அந்நிலையத்தின் பெயர், மருந்தே இல்லாதிருந்த ஒரு நோய்க்கு மனிதர் ஆற்றிய பணிவிடையின் நினைவுச் சின்னம் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரன் சௌரிமுத்து, இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் 1917ஆம் ஆண்டு நோயுற்றபோது சில காலம் அங்குத் தங்கியிருந்தார். தாயகம் திரும்பிய சௌரிமுத்து, 1928இல் தாம்பரத்துக்கு அருகே 12 படுக்கைகளுடன் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது.

காசநோயை வெல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் பற்றிய அறிவிப்பு 1944இல்தான் வெளிவந்தது. அதுவரை தூய காற்றும் ஓய்வும் சத்துணவும் மூச்சுப் பயிற்சியுமே சிகிச்சை. அச்சிகிச்சைக்கு மருத்துவரின் எழுதுகோலைவிடச் செவிலியரின் கைகளே மிகுதியும் தேவைப்பட்டன. சாளரங்களைத் திறந்து வைப்பதும், இருமி இளைத்தவரை நிமிர்த்தி அமர்த்துவதும், வியர்வையைத் துடைப்பதுமே அன்றைய மருந்தாயிருந்தன.

பின்னர் மருந்துகள் வந்தன. 1956இல் சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் தங்கியவர்களையும் வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தருவதை 1959இல் வெளியான அதன் முடிவுகள் உலகுக்கு உணர்த்தின. ஆயினும் தாம்பரத்தின் பழைய கடமை முடிந்துவிடவில்லை. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகள் அங்கு வரலாயினர். 2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டுமருந்துத் திட்டம் தொடங்கும்வரை, அவர்களுள் பலருக்குச் செவிலியரின் பராமரிப்பே பெருந்துணையாயிற்று.

இவ்வரலாறு நமக்கு உரைப்பது யாது? நோயைத் தீர்க்க இயலாதபோதும் நோயாளியின் துன்பத்தைத் தணிக்க இயலும் என்பதே. இவ்வுண்மையைத் தனியொரு மருத்துவத் துறையாக வளர்த்தவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். செவிலியராகத் தொடங்கிப் பின்னர் மருத்துவரான அவர், 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். உடல் வலியோடு மனக்கவலை, குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு ஆகியவற்றையும் சேர்த்தே நோயாளியின் வேதனையாகக் கருத வேண்டும் என்றார் அவர். வலி மிகும்வரை காத்திராமல், நேரம் தவறாது மருந்து தர வேண்டும் என்பதும் அவர் வலியுறுத்திய நெறியாகும்.

மார்ஃபின் என்றவுடன் நாம் அஞ்சுகிறோம். போதைக்கு அடிமையாக்கும், முடிவை விரைவுபடுத்தும் என்று எண்ணி, தாங்கொணா வலியில் துடிக்கும் பெற்றோருக்கும் அதனை மறுத்துவிடுகிறோம். மருத்துவர் மேற்பார்வையில் உரிய அளவில் தரப்படும் மார்ஃபின் குறித்து இவ்வச்சம் தேவையற்றது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமையால் அம்மருந்து கிடைப்பதே அரிதாயிருந்தது. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. முதியோருக்குக் குறைந்த அளவில் தொடங்குவர். மலச்சிக்கல் உடன் வருமாதலால், அதற்கான மருந்தையும் தொடக்கத்திலேயே சேர்ப்பர்.

முதியோர் பலர் வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை. நினைவு மங்கியவர்களால் சொல்லவும் இயலாது. சுருங்கும் நெற்றி, முனகல், தொட்டால் விலகும் கை ஆகியவற்றிலிருந்து செவிலியர் அதனை உணர்ந்துகொள்வர். மூச்சுத் திணறுபவரைத் தலையணைகளில் சாய்த்து அமர்த்தி, சாளரத்தைத் திறந்து, முகத்தில் படுமாறு விசிறியால் வீசுவர். சௌரிமுத்துவின் திறந்த சாளரம் இன்றும் மூடப்படவில்லை! படுக்கைப் புண் வராதிருக்க, ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பர். திடீரென மனம் குழம்பினால், சிறுநீரோ மலமோ கட்டியுள்ளதா என்று பார்ப்பர். கண்ணாடியை அணிவித்து, பழகிய குரலில் பேசுவர்.

இறுதி நாள்களில் பசி தானே அடங்கும். வற்புறுத்தி ஊட்டுதல் துன்பமே தரும். நினைவிழந்தவரின் வாயில் எதனையும் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். ஸம்ஸம் நீரானாலும் ஈரப்பஞ்சினால் உதடுகளை நனைப்பதே போதுமானது. அன்பும் அதில் குறைந்துவிடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இல்லத்துக்கே வந்து நோய் ஆதரவுச் சிகிச்சை அளிக்கும் பணியும் இடம்பெற்றது. 2024இல் கிண்டியில் முதியோருக்கென 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இவை நற்செய்திகளே. எனினும் இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து புரட்டிப் படுக்க வைக்கும் கை, பெரும்பாலும் மகளுடையதாகவோ மருமகளுடையதாகவோதான் இருக்கிறது. அக்கைக்கு இக்கல்வி வேண்டும். மகனின் கையும் அதில் பங்குகொள்ள வேண்டும்.

அகழ்ப் போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்துப் பேணப்பட்டார்கள். அருகிருந்து நலம் விசாரிப்பதற்காகவே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்கு வைக்கச் செய்தார்கள். அக்காயத்தாலேயே சஅத் (ரலி) அவர்கள் உயிர் துறந்தார்கள். அதனால் அம்மையாரின் பணி வீணாயிற்று என்று யார் கூறுவர்? “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்னும் சொல் நம் காதில் விழும் நாளில், செய்வதற்கு நிறைய உண்டு என்பதை நாம் நினைவிற்கொள்வோமாக.