வேப்பிலையும் அம்மைப்பாலும்

திருக்குறளில் தோய்ந்து, அதன் ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிய எல்லிஸ் துரையை மாணவ நேயர்கள் அறிவீர்கள். சென்னையில் கலெக்டராக விளங்கிய அவர், 1819-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இராமநாதபுரத்தில் காலமானார். அவரது கல்லறை திண்டுக்கல்லில் உள்ளது. அவர் தமிழில் இயற்றிய சிறுநூல் ஒன்றைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். அது வைசூரி என்னும் பெரியம்மையைப் பற்றியது.

அது ஏன் பிறந்தது என்பதை உணர, அக்காலத்தில் அம்மை கண்ட வீட்டை மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். வாயிலில் வேப்பிலைக் கொத்து செருகியிருக்கும். அதைக் கண்டதும் அயலார் உள்ளே நுழையார். அவ்வீட்டில் தாளிப்பு இல்லை, விருந்து இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. நோய் என்ற சொல்லையே வாயெடுக்கலாகாது; “அம்மா வந்திருக்கிறாள்” என்றுதான் சொல்லவேண்டும். முத்துகள் இறங்கித் தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை இக்கட்டுப்பாடு நீடிக்கும். நோயாளியைத் தனிமைப்படுத்தும் மருத்துவமுறைக்கு இது எத்துணை அணுக்கமானது பாருங்கள்! ஆயினும் ஓட்டைகளும் இருந்தன. நோயாளி கிடந்த துணி வெளுக்கச் சென்றது. அத்துணியோடு வைசூரியும் வெளுப்பவர் வீட்டுக்குச் சென்றது.

1796-இல் இங்கிலாந்தில் ஜென்னர் கண்ட அம்மைப்பால், 1802-இல் பம்பாய்க்கும் பின்னர்ச் சென்னைக்கும் வந்தது. அதைக் கெடாமல் காக்கும் குளிர்சாதனம் அன்று ஏது? ஒரு குழந்தையின் கையில் குத்தி, எட்டாம் நாள் எழும்பும் கொப்புளத்தின் நீரை எடுத்து, அடுத்த குழந்தைக்குக் குத்தினார்கள். தாய்மார் திகைத்தனர். எவர் வீட்டுப் பிள்ளையின் கைநீர் இது? அம்மன் சினங்கொள்வாளோ? நலமாக ஓடியாடும் குழந்தைக்கு நாமே காய்ச்சலை வரவழைப்பானேன்? இவற்றை மூடத்தனம் என்று தள்ளிவிடுதல் எளிது, ஆனால் முறையன்று. கைக்குக் கை மாற்றும் அம்முறையால் மேகநோய் தொற்றிய நிகழ்ச்சிகள் ஐரோப்பாவிலேயே உண்டு.

எல்லிஸ் இத்திகைப்பைத் தீர்க்க ஒரு வழி கண்டார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக எழுதி, பசுவிடம் தோன்றும் அம்மைப்பால் தன் அருட்கொடையே என அத்தேவியின் வாயாலேயே சொல்லவைத்தார். குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் வள்ளுவர் கருத்து அவர் அறியாததன்று. நோக்கம் தூயதே. எனினும், எவர் கைநீர் என்று கேட்ட தாய்க்கு அதில் விடையில்லை என்பதே என் எண்ணம். அவளுக்கு விடை கிடைக்கப் பல பத்தாண்டுகள் சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கன்றின் உடலிலேயே அம்மைப்பாலை வளர்த்தெடுக்கும் முறை பரவிற்று. அப்பணிக்கெனக் கிண்டியில் கிங் நிலையம் எழுந்தது.

எஞ்சியது மறைக்கும் வழக்கம். அம்மை கண்ட வீட்டைப் பற்றி அதிகாரிகளிடம் சொல்வது அம்மனைக் காட்டிக்கொடுப்பது போலன்றோ தோன்றும்? எனவே இந்தியாவில் இறுதிக் கட்டத்தில் வீடுவீடாகத் தேடினர். செய்தி சொன்னவர்க்குப் பணப்பரிசும் அளித்தனர். 1975-க்குப் பின் இந்நாட்டில் பெரியம்மை இல்லை; 1980-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

திண்டுக்கல் கோட்டை மாரியம்மனுக்கு மாசித் திருவிழாவில் இன்றும் பூச்சொரிகிறார்கள். சின்னம்மை கண்ட வீட்டு வாயிலில் இன்றும் வேப்பிலை தொங்குகிறது. தெருவில் வருவோர் அதைக் கண்டு ஒதுங்கிச் செல்கின்றனர்.