முடிவில்லாத் தொடரும் விதிக்கப்பட்ட முடிவும்: தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களில் தன்பாலீர்ப்பு மாந்தர்

முன்னுரை

மலேசியத் தமிழர்தம் இல்லங்களுக்குள் தொலைக்காட்சி நுழைந்த வரலாறு, 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் கோலாலம்பூரில் அரசுத் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியதிலிருந்து எழுதப்பட வேண்டியதாகும். அன்று தொட்டு இன்று வரை திரையில் தோன்றிய தமிழ்க் குடும்பங்கள் பலவாகும். மாமியாரும் மருமகளும், இரு மனைவியரும், பிரிந்த உடன்பிறப்பும், ஏமாற்றப்பட்ட மணமகளும் மீண்டும் மீண்டும் அங்கே காட்டப்பட்டுள்ளனர். ஆயின் ஆணை நேசிக்கும் ஆணும், பெண்ணை நேசிக்கும் பெண்ணும் அக்குடும்பங்களில் பிறந்தவர்களாகக் காட்டப்பட்டுள்ளனரா? காட்டப்படவில்லையெனின் அதற்குரிய காரணம் யாது? இவ்வினாக்களைக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப் பார்வையாளரை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். தன் பாலினத்தவரிடம் ஈர்ப்புக் கொள்ளும் இயல்பை இங்குத் தன்பாலீர்ப்பு எனக் குறிக்கின்றோம். திருநங்கையர் பற்றிய செய்தி வேறு. ஒருவர் தம்மை எப்பாலினத்தவராக உணர்கிறார் என்பதைச் சார்ந்தது அது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து காட்டியதே திரையின் முதற்பிழை எனலாம்.

இல்லத்திற்குள் வந்த தொடர்

தொடக்கக் காலத்தில் அரசுத் தொலைக்காட்சியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் மிகக் குறைவாகும். வாரத்தில் சில மணி நேரமே கிட்டிய அச்சூழலில் ஒரு நாடகம் முழுக் குடும்பத்திற்கும் ஏற்றதாக அமைய வேண்டியிருந்தது. தமிழகத்துப் படைப்புகளைக் காண விரும்பியோர் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற இடங்களிலிருந்த ஒளிநாடாக் கடைகளை நாடினர். 1996ஆம் ஆண்டு அஸ்ட்ரோ துணைக்கோள் ஒளிபரப்பு தொடங்கி, வானவில் அலைவரிசையும் அதனையடுத்துத் தமிழகத்து அலைவரிசைகளும் வீடுகளை எட்டிய பின் இந்நிலை மாறியது. 1999இல் தொடங்கிய சித்தி, 2002 முதல் 2005 வரை ஒளியேறிய மெட்டி ஒலி, 2003 முதல் 2009 வரை 1500க்கும் மேற்பட்ட பகுதிகளாக நீண்ட கோலங்கள் ஆகியவை இரவு உணவு வேளையின் உறுப்பாகவே ஆயின.

இத்தொடர்களின் அச்சாணி திருமணமே ஆகும். ஐந்து மகள்களைப் பெற்ற ஒரு தந்தையின் கவலையே மெட்டி ஒலியின் கதை. யார் யாரை மணப்பது, மணந்த பின் எவ்வாறு வாழ்வது, மறைத்த செய்தி எப்பொழுது வெளிப்படும் என்பனவே நெடுந்தொடரை இயக்கும் விசைகள். தம் இயல்பை மறைத்துப் பெற்றோர் பார்த்த வரனை மணக்க நேர்ந்த ஒருவரின் வாழ்வில் இம்மூன்று விசைகளும் ஒருங்கே உள்ளன. ஆயினும் நாம் பார்த்த தொடர்களில் அத்தகையவர் கதையின் நடுவில் நிறுத்தப்பட்டதைக் கண்டிலோம். நூற்றுக்கணக்கான பகுதிகளுக்குக் கதை தேடி அலையும் ஒரு கலைவடிவம், கைக்கெட்டும் தொலைவிலிருந்த கதையைத் தொடாமல் விட்டமை தற்செயலாகாது.

சட்டம் தந்த சொல்

இம்மௌனத்தின் ஒரு வேர் சட்டத்தில் உள்ளது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆங்கிலேயர் இயற்றிய 377ஆம் பிரிவு, 1871இல் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்று, பின்னர்க் கோலாலம்பூரும் கிள்ளானும் அடங்கியிருந்த சிலாங்கூர் உள்ளிட்ட மலாய் மாநிலங்களிலும் பரவியது. நம் முன்னோர் எந்த ஆட்சியின் கீழ்க் கப்பலேறினரோ, அந்த ஆட்சியே இச்சட்டத்தையும் இரு கரைகளிலும் நட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயதுவந்தோர் இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் தன் 377ஏ பிரிவை நீக்கியது. மலேசியாவிலோ 377ஏ, 377பி பிரிவுகள் நடப்பில் உள்ளன. 20 ஆண்டு வரையிலான சிறையும் பிரம்படியும் அவற்றுக்குரிய தண்டனைகள்.

சட்டம் மொழியையும் வடிவமைக்கும். 1998ஆம் ஆண்டு, துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட அன்வார் இப்ராஹிம் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், அவர் குற்றச்சாட்டை மறுத்தார். அக்குற்றச்சாட்டின் மீதான தீர்ப்பு 2004இல் கூட்டரசு நீதிமன்றத்தால் தள்ளுபடி செய்யப்பட்டது. அவ்வழக்கின் அரசியல் நம் ஆய்வுக்கு அப்பாற்பட்டது. ஆயினும், ஓரினப் புணர்ச்சி என்னும் சொல் நாள்தோறும் செய்தியறிக்கையின் வாயிலாக வரவேற்பறைக்குள் ஒலித்தமை நாம் கருதத்தக்கது. ஆண்பெண் காதலை நம் சிறார் பாட்டின் வழியும் கதையின் வழியும் அறிகின்றனர். தன்பாலீர்ப்பையோ நம் வீடுகள் முதன்முதலாகக் குற்றப்பத்திரிகையின் சொல்லாகக் கேட்டன. அன்பைக் குறிக்கும் சொல் வருமுன் குற்றத்தைக் குறிக்கும் சொல் வந்து சேர்ந்தது எனலாம்.

நகைப்பிற்குரிய உருவம்

மௌனத்திற்கு அடுத்த நிலை நகைச்சுவையாகும். கையை வளைத்து, குரலை மெலிதாக்கி, நடையை ஒடித்து வரும் ஆண் உருவம் தமிழ்த் திரைப்படத்திலும் அதனைப் பின்பற்றிய தொலைக்காட்சி நகைச்சுவைப் பகுதிகளிலும் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றது. அவ்வுருவத்திற்குப் பெயர் இருப்பதில்லை, வீடு இருப்பதில்லை, தாய் இருப்பதில்லை. நெடுந்தொடரில் இடம்பெறுதற்கு முதல் தகுதி ஒரு குடும்பத்தைச் சேர்ந்திருத்தல். அத்தகுதியே அவ்வுருவத்திற்கு மறுக்கப்பட்டது. அது திருநங்கையா, தன்பாலீர்ப்புள்ள ஆணா என்பதும் தெளிவாக்கப்படுவதில்லை. சிரிப்பொலி எழுந்ததும் அதன் பணி முடிந்துவிடும்.

இந்நிலையில், 2008ஆம் ஆண்டு விஜய் தொலைக்காட்சியில் ரோஸ் என்னும் திருநங்கை நெறியாளராக அமர்ந்து நடத்திய இப்படிக்கு ரோஸ் நிகழ்ச்சி ஒரு திருப்பமாக அமைந்தது. பிறரால் பேசப்பட்டு வந்தவர் தாமே வினா எழுப்புபவராக அங்கு அமர்ந்தார். ஆயின் அஃது உரையாடல் நிகழ்ச்சி, நாடகமன்று. உரையாடலில் ஒருவர் தம் கருத்தைக் கூறலாம். நாடகத்திலோ அவர் காலையில் எழுந்து, தாய்க்குத் தேநீர் கலந்து தந்து, வேலைக்குச் சென்று திரும்பும் வாழ்வு காட்டப்பட வேண்டும். அந்த வாழ்வே விடுபட்டுப் போயிற்று.

விதிக்கப்பட்ட முடிவு

மலேசியாவில் 2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தன்பாலீர்ப்பு மாந்தரைத் திரைப்படத்தில் காட்டலாம், ஆனால் இறுதியில் அவர் மனந்திருந்தியவராகக் காட்டப்பட வேண்டும் என்னும் நிலைப்பாட்டைத் திருத்தப்பட்ட தணிக்கை வழிகாட்டி முன்வைத்ததாக அறிவிக்கப்பட்டது. முழுத் தடையை நோக்க இது நெகிழ்வே ஆகும். எனினும் இதன் அமைப்பை நாம் உற்றுநோக்க வேண்டும். பாத்திரத்திற்கு அனுமதி கிடைத்தது. முடிவு மட்டும் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது.

இதன் விளைவை மலாய்ப் படைப்புகளில் காணலாம். ராஜா அஸ்மி தயாரிப்பில், கீர் ரஹ்மான் இயக்கத்தில் 2011 மார்ச்சில் வெளிவந்த டாலாம் போத்தோல் திரைப்படம், காதலனுக்காகத் தன் உடலை அறுவை சிகிச்சையால் மாற்றிக்கொண்டு பின்னர் வருந்தும் ஓர் ஆணின் கதையாகும். 2013இல் அரசின் ஆதரவுடன் மேடையேறிய அஸ்மாரா சொங்சாங் இசைநாடகத்தில், திருந்தாதோர் மின்னல் தாக்கி மாய்வதாகக் காட்டப்பட்டது. ஒன்றில் வருத்தம், மற்றொன்றில் இறப்பு. கதை எவ்வழிச் சென்றாலும் சேருமிடம் ஒன்றே.

இவ்வழிகாட்டி திரைப்படத்தை முன்னிறுத்தி அறிவிக்கப்பட்டதாயினும், எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்று தொலைக்காட்சி நாடக ஆசிரியர் தமக்குள் கணித்துக்கொள்ளும் அளவுகோலாகவும் அது அமைந்தது எனக் கொள்ளலாம். இங்குதான் நாம் கூற விழையும் முதன்மைக் கருத்து எழுகின்றது. இரண்டு மணி நேரத் திரைப்படத்திற்கு முடிவு உண்டு. எனவே முடிவைப் பற்றிய விதிக்கு அஃது உட்பட இயலும். நெடுந்தொடரோ முடிவைத் தள்ளிப்போடுவதாலேயே உயிர்வாழும் வடிவமாகும். திருந்துவதற்காக மட்டுமே திரைக்கு வர அனுமதிக்கப்பட்ட ஒருவரை, ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் நம்மோடு உணவருந்தும் மாந்தராக எங்ஙனம் வைத்திருக்க இயலும்? அவர் தொடரில் நிலைத்தால் விதி மீறப்படும். விதி காக்கப்பட்டால் அவர் தொடரில் நிலைக்க இயலாது. ஆகவே திரைப்படத்திற்குக் கதவைச் சற்றே திறந்த அதே விதி, நெடுந்தொடருக்கு அதனை மூடியே வைத்தது.

பிற நாட்டுத் தொடர்கள்

நெடுந்தொடரில் நிலைத்தல் என்ன செய்யும் என்பதற்குப் பிற நாட்டுச் சான்றுகள் உள. ஆஸ்திரேலியாவில் 1972 முதல் 1977 வரை ஒளிபரப்பான நம்பர் 96 தொடரில், அடுக்கக வீடொன்றில் குடியிருந்த டான் பின்லேசன் என்னும் வழக்கறிஞர் தன்பாலீர்ப்புள்ளவர். அவர் நகைப்பிற்குரியவரல்லர், அண்டை வீட்டார் அறிவுரை நாடிச் செல்லும் மனிதர். அத்தொடர் முடியும் வரை அவர் அங்கேயே இருந்தார்.

நமக்கு இன்னும் அணுக்கமான சான்று, பிரிட்டனின் ஈஸ்ட் எண்டர்ஸ் தொடரில் 2009இல் அறிமுகமான சையது மசூத் ஆவார். பாகிஸ்தானிய மரபினரான முஸ்லிம் குடும்பத்தின் மகனாகிய அவர், கிறிஸ்டியன் என்பாரை நேசித்துக்கொண்டே குடும்பத்தின் விருப்பப்படி ஒரு பெண்ணை மணக்கின்றார். 2012இல் அவ்விருவரும் தொடரைவிட்டு ஒன்றாக வெளியேறும் வரை, அவர் தாய் சைனபின் சினமும் அவமானமும் அன்பும் மாறி மாறிக் காட்டப்பட்டன. ஒரு தாயின் மனம் ஒரே காட்சியில் மாறுவதில்லை. அம்மாற்றத்திற்குரிய காலத்தை நெடுந்தொடரே தர வல்லது. இந்தியில் 2010இல் தொடங்கிய மர்யாதா தொடரும் மணமான பின் தன் இயல்பை மறைத்து வாழும் கௌரவ் என்பாரைக் குடும்பக் கதைக்குள் கொணர்ந்தது. மறைத்தல் மனைவிக்கு இழைக்கும் தீங்கும் அதில் கதைப்பொருளாயிற்று.

எதிர்மறைச் சான்று நம் அண்டை நாட்டில் உண்டு. சிங்கப்பூரில் 2020இல் ஒளியேறிய மை கார்டியன் ஏஞ்சல்ஸ் என்னும் சீன நாடகம், தன்பாலீர்ப்புள்ள பயிற்றுநரைச் சிறுவருக்குத் தீங்கிழைப்பவராகக் காட்டியது. கண்டனம் எழுந்ததும் மீடியாகார்ப் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஒரு சமூகத்தாருக்குத் திரையில் ஒரே ஓர் உருவம் தரப்பட்டு, அதுவும் கொடியவராக அமையின், பார்வையாளர் அவ்வொருவரை அனைவராகவும் கொள்வர் என்பதே அக்கண்டனத்தின் சாரமாகும்.

ஒரு மறுப்பும் அதன் மதிப்பீடும்

தமிழ்த் தொடர் முதியோரும் சிறாரும் ஒருங்கே அமர்ந்து காண்பது. இத்தகைய பொருள் அங்கு வேண்டா என்று ஒருசாரார் கூறுவர். சமயப் பற்றும் குடும்ப மதிப்பும் மிக்க நம் நாட்டில் இக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பெற்றோரின் தயக்கம் மெய்யானது. அதனை மதித்தே பேச வேண்டும். ஆயினும் அதே வேளையில், அதே சிறார் முன்னிலையில், பாலில் நஞ்சு கலத்தலும் ஆள் கடத்தலும் வரதட்சணைக் கொடுமையும் பகுதிதோறும் காட்டப்படுகின்றன. அவற்றைக் காணப் பொறுத்த கண்கள், ஒரு மகன் தன் தாயிடம் உண்மையைச் சொல்லத் திணறும் காட்சியைப் பொறுக்கமாட்டா என்று கொள்வது பொருந்துமா? காட்டுவது எது என்பதினும் எவ்வாறு காட்டுவது என்பதே வினா.

காலமும் மாறிவருகின்றது. 2022இல் வெளிவந்த பா. ரஞ்சித்தின் நட்சத்திரம் நகர்கிறது போன்ற தமிழ்ப் படங்கள் தன்பாலீர்ப்பு இணையரை நண்பர் குழுவின் இயல்பான உறுப்பினராகக் காட்டுகின்றன. இணையவழித் திரைகள் கைப்பேசியிலேயே அமைந்துவிட்டன. இரவு எட்டு மணித் தொடரில் இல்லாத மாந்தரை நம் மாணவர் தனியே, வழிகாட்டுவோர் இன்றிக் காண்கின்றனர். குடும்பம் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் திரையில் பேசப்படாதது, குடும்பத்திலும் பேசப்படாமலேயே போகின்றது.

முடிவுரை

மலேசியத் தமிழ்ப் பார்வையாளர் கண்ட திரையில் தன்பாலீர்ப்பு மாந்தரின் வரலாறு, மௌனம், நகைப்பு, விதிக்கப்பட்ட முடிவு என மூன்று நிலைகளாக அமைந்துள்ளதைக் கண்டோம். இம்மூன்றும் அவரை ஒரு வீட்டின் பிள்ளையாக ஏற்கவில்லை என்பதில் ஒன்றுபடுகின்றன.

இவ்வாய்வு தமிழாசிரியர்க்கு உரைப்பது ஒன்றுண்டு. நளினமாக நடக்கும் மாணவனைப் பொண்டான் என்று சக மாணவர் அழைக்கும் பள்ளி வளாகங்களை நாமறிவோம். அச்சிரிப்பைப் பிள்ளைகள் தாமாகப் படைத்துக்கொள்ளவில்லை. திரையிலிருந்தும் நம்மிடமிருந்தும் கற்றனர். தமிழகத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் இத்தகையோர்க்கு மதிப்பான தமிழ்ச் சொற்கள் வேண்டும் என வலியுறுத்தி, 2022இல் அரசு அச்சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சட்டத்தை மாற்றுவது ஆசிரியர் பணியன்று. நெடுந்தொடரை எழுதுவதும் நம் பணியன்று. ஆயின் வகுப்பறையில் எச்சொல் ஒலிக்கலாம் என்பது நம் கையில் உள்ளது. ஒருவருக்கு இழிவில்லாத பெயர் இருந்தால்தான் அவரைப் பற்றிக் கதை எழுத இயலும். அப்பெயரை மாணவர்க்குக் கற்பிப்பதிலிருந்தே, நாளை நம் மண்ணில் எழுதப்படவிருக்கும் நாடகத்தின் முதற்பகுதி தொடங்குகின்றது.