பூஞ்சணம் தந்த மருந்து

நானுஓயாத் தோட்டங்களில் நெஞ்சுவலி கண்ட தொழிலாளிக்கு நுவரெலியா ஆஸ்பத்திரி கிளினிக்கில் எழுதித் தரப்படும் கொலஸ்திரோல் மாத்திரைக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

1913-இல் ருஷ்ய விஞ்ஞானி அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்திரோல் ஊட்டி, அவற்றின் நாடிச் சுவர்களில் கொழுப்புப் படியக் கண்டார். அதற்கு மாற்று கிடைக்க அறுபது ஆண்டுகள் சென்றன. கிடைத்ததும் எங்கே? அரிசியில்! ஜப்பானிய உழவர் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சணங்களைச் சோதித்தார். 1973-இல், கியோட்டோ நகரத்துத் தானியக்கடை அரிசியில் படர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்திலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். ஈரல் கொலஸ்திரோல் உண்டாக்குவதை இம்மருந்து மட்டுப்படுத்துகிறது. 1987-இல் இவ்வின மருந்தொன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இம்மாத்திரை படிந்த கொழுப்பைக் கரைத்து ஓட்டிவிடும் என்றே பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. 2006-இல் வெளியான 'ஆஸ்டராய்ட்' ஆய்வில், மிகுந்த அளவு மருந்தை இரண்டாண்டு உண்டவர்களின் இதய நாடிகளுக்குள் ஒலியலைக் கருவியைச் செலுத்தி அளந்தனர். நாடியின் கனவளவில் படிவின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 1 அளவே குறைந்திருந்தது. ஆனால் 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4444 இதய நோயாளரிடம் நடந்து முடிந்த ஆய்விலோ, போலி மாத்திரை உண்டோரில் 256 பேரும் மருந்துண்டோரில் 182 பேரும் இறந்தனர். இவ்வளவு சிறிய மாற்றம் இத்தனை உயிர்களைக் காத்தது எவ்வாறு? படிவின் பருமன் மட்டும் மனிதனைக் கொல்வதில்லை. அதன் மெல்லிய மேல்மூடி கிழிந்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து நாடியை அடைப்பதே பெரும்பாலும் கொல்கிறது. மருந்து உள்ளிருக்கும் கொழுப்பைக் குறைத்து, அழற்சியைத் தணித்து, அம்மூடியைக் கெட்டிப்படுத்துகிறது. நிறுத்தினால் சில வாரங்களில் கொலஸ்திரோல் பழையபடி ஏறிவிடும். ஆகவே இது ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் உண்ணவேண்டிய மருந்து.

இங்கேதான் விலையும் விநியோகமும் உயிர்ப் பிரச்சினையாகின்றன. 1971-இல் இலங்கையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியபோது அதன் தலைவராயிருந்த பேராசிரியர் சேனக பிபிலே, கம்பனிகளின் வணிகப் பெயர்களை ஒதுக்கி, பொதுப்பெயரில் மலிவாக மருந்து வாங்கும் வழியை வகுத்தார். 1977-இல் அவர் மறைந்தார். ஸ்டாட்டின் கடைக்கு வந்ததை அவர் காணவில்லை. காப்புரிமைகள் காலாவதியான பின் அதுவும் பொதுப்பெயர் மருந்தாயிற்று. ஆனால் 2022-இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரைக்குக் காசில்லை. ஆனால் நானுஓயாவிலிருந்து கிளினிக்குக்குப் போகும் நாளில் நாட்கூலிப் பெண்ணுக்குப் பேர் விழாது. பஸ் கட்டணமும் அவளுடையதே. தோட்டத்து மருந்தகத்திலேயே அதைக் கொடுப்பதற்கு என்ன தடை?